சுளகளவு வளவு

1

பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் பாதித் தெரு வந்துவிட்டோம். மகள் தாரணி எனக்கு முன்னால் விறுவிறு என்று நடக்கிறாள். கோபம் வந்தால் அவள் அப்படித்தான். பக்கத்தில் வரமாட்டாள், விட்டுவிட்டும் போகமாட்டாள். இன்றைய கோபத்துக்குக் காரணம் நான் சிரித்தது.

நாங்கள் இருப்பது சுவிஸில், பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மகளின் பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு பக்கத்துத் தாரைக் கிளறி எடுத்துவிட்டு, இந்த நாட்டுக் காட்டுச் செடிகளை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செடி. என் மகள் எடுத்தது ஊதாப் பூப் பூக்கும் ஒன்று. இலையைக் கசக்கினால் துளசிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு மணம் வரும். இன்று மாலை பெற்றோர் எல்லோரையும் வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

போய்ப் பார்த்தால் ஒரு செடியையும் காணவில்லை. பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கும் மனிதர், பெற்றோர் வருகிறார்களே, இடம் துப்புரவாக இருக்கட்டும் என்று காலையிலேயே புல் வெட்டும் இயந்திரத்தை அதன்மேல் ஓட்டிவிட்டார். ஓரமெல்லாம் கத்தரித்து, வெட்டியதை அள்ளி, நிலத்தை மொட்டையாக்கி வைத்திருந்தார். வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தார். ஆசிரியையின் முகம் வெளிறிப் போயிருந்தது. பெற்றோர் கூட்டம் அந்த மொட்டை நிலத்தைச் சுற்றி நின்றது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சமாளிக்கலாம் என்று இந்த ஊர் மொழியான டொச்சில் ஆறுதல் சொல்லப் போய், வாழ்த்துச் சொல்லிவிட்டேன்.

"எல்லாரும் உங்களைத்தான் பாத்தவை" என்றாள் மகள், திரும்பாமலே.

"நான் உன்ர செடியைப் பார்த்துச் சிரிக்கேல்லை. அந்த மனிசனைப் பார்த்துச் சிரிச்சனான். எனக்கு அவரைத் தெரியும்."

"தெரியாது. நீங்கள் அவரோட கதைச்சதே இல்லை."

"இஞ்ச இல்லை. வட்டக்கச்சியில தெரியும். அங்க அவருக்குத் தம்பிராசா எண்டு பேர்."

அவளுடைய நடை கொஞ்சம் தளர்ந்தது.

2

அப்போதும் நான் நடந்துகொண்டுதான் இருந்தேன். சமாதான காலம், 2003. நெடுங்கேணியில் ஒரு மர ஆலையில் வேலை. முதலாளியோடு சத்தம் போட்டுவிட்டு, சாரத்தையும் சட்டையையும் உரப்பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று நடையும் உழவு இயந்திரப் பெட்டியுமாக வந்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. அதுவரைக்கும் நான் செய்த எந்த வேலையிலும் இரண்டாவது மாரியைப் பார்த்ததில்லை. ஒரு மழைக்காலம் இருப்பேன், அடுத்தது வருவதற்குள் கால் அரிக்கத் தொடங்கிவிடும்.

படிப்பும் அப்படித்தான். ஏழாம் வகுப்போடு நின்றது. இடம்பெயர்ந்த இடங்களில் எல்லாம் எங்களுக்குப் பள்ளிக்கூடம் என்பது ஒரு மரம். பாலை மரத்தடியில் கணக்கு, அடுத்த ஊரில் மருத மரத்தடியில் சமயபாடம். மழை வந்தால் விடுமுறை.

வட்டக்கச்சிக்கும் அப்பால், வாய்க்கால் கரையோடு போகிற பாதையில் ஒரு பள்ளிக்கூடம் தெரிந்தது. தண்ணீர் கேட்கலாம் என்று உள்ளே போனேன். தகரக் கூரை, அரைச்சுவர், கண்ணைக் கூசவைக்கிற வெறும் மணல் முற்றம். ஒரு பெரிய மரம்கூட இல்லை. சண்டைக் காலத்தில் இருந்த மரமெல்லாம் பதுங்குகுழி மூடுவதற்குக் குற்றியாகப் போய்விட்டதாம். வகுப்புக்குள் பிள்ளைகள் புழுங்கிக்கொண்டு கிடந்தார்கள்.

கிணற்றடியில் ஒரு பெண் குடையோடு நின்றார். அவர்தான் பள்ளிக்கூட அதிபர், சிவமணி ரீச்சர்.

"எங்க இருந்து வாறீர்?"

"நெடுங்கேணியில இருந்து வாறன் ரீச்சர்."

"எங்க போறீர்?"

"அதுதான் இன்னும் தெரியேல்லை."

வாளியை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் குடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கிடங்கு வெட்டத் தெரியுமோ?" என்றார்.

"அது ஒண்டுதான் ஒழுங்காத் தெரியும்."

வேலை கிடைத்தது. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. படுக்க உடைந்த களஞ்சிய அறை, சாப்பாடு முறைவைத்துப் பிள்ளைகளின் வீடுகளில். முற்றத்தைச் சுற்றி மரம் நட வேண்டும், கரையெல்லாம் செடி வர வேண்டும், பிள்ளைகள் நிழலில் இருந்து படிக்க வேண்டும் என்பது ரீச்சரின் எண்ணம். முந்திய ஆண்டு யாரோ உதவி என்று கொழும்பிலிருந்து அழகுச் செடிகள் அனுப்பியிருந்தார்கள். பங்குனி வெயிலில் அவை எல்லாம் கருகிப்போயின. இந்த முறை, ஒருவரும் தண்ணீர் ஊற்றாமலே வன்னியில் நிற்கிற மரங்களைத்தான் வைப்பது என்று அவர் முடிவெடுத்திருந்தார். வீரை, பாலை, உலுவிந்தை, நாவல். இடையிடையே நொச்சி, ஆடாதோடை, ஆவாரை.

அடுத்த நாள் பின்னேரம் நான் வெட்டிய கிடங்கைப் பார்க்க வந்தார். நான் உள்ளே நின்றேன். என் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"தம்பி, இது மரம் வைக்கவோ, இல்லை பிளேன் வந்தால் ஒளிக்கவோ?"

அதுவரைக்கும் நான் வெட்டியது எல்லாம் பங்கர்தான். மரத்துக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. பாதியை மூடினேன். பிள்ளைகள் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூடுவதற்கு முன் ஒரு தடவை இறங்கிப் பார்க்க விடச் சொல்லிக் கேட்டார்கள்.

3

கன்றுகள் எடுக்கக் குளக்கட்டுக்குப் போவோம். காட்டுக்குள் போவதில்லை. மிதிவெடி எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாடு மேய்ந்து போன தடத்தில் மட்டும் கால் வைப்போம். மாட்டுக்குப் பின்னால் நடந்து போய், தாய் மரத்தடியில் தானாக முளைத்து நிற்கிறதைக் கிண்டி, பால்மா வந்த தகர ரின்னில் வைத்துக் கொண்டுவருவோம். புரட்டாதியில் முதல் தூறல் விழுந்ததும் நட்டோம். ஒவ்வொரு கன்றும் பிள்ளைகளின் விரல் நீளம்தான். சுற்றிவர வந்த புல்லையும் பூண்டையும் பிடுங்க வேண்டாம், நிலம் ஈரமாக இருக்கட்டும் என்றார் ரீச்சர்.

அதில்தான் பிரச்சினை தொடங்கியது.

பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர் தம்பிராசா அண்ணை. நல்ல மனிதர். கூப்பிட்டால் முதல் ஆளாக வருவார், வரும்போது தன்னுடைய விளக்குமாற்றையும் கொண்டே வருவார். எங்கள் ஊர்களில் முற்றம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடிய எழும்பிக் கூட்டி, மணலில் ஈர்க்குக் கோடு அலை அலையாகத் தெரிய வேண்டும். ஒரு சருகு கிடந்தால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம்.

"என்ன ரீச்சர், பள்ளிக்கூடம் பத்தைபத்தையாக் கிடக்குது?"

"மரம் வரட்டும் எண்டு விட்டிருக்கிறன்."

"மண்ணைக் கண்டால்தான் மனம் ஆறும். புல்லுக்குள்ள என்ன கிடக்கு எண்டு ஆருக்குத் தெரியும்?"

அவர் சும்மா சொல்லவில்லை. இடம்பெயர்ந்திருந்து ஊருக்குத் திரும்பி வந்த முதல் மாதத்தில் அவருடைய பால் மாடு பற்றைக்குள் மிதிவெடியில் கால் வைத்துச் சிதறிப் போனது. மற்றவர்களுக்குப் பாம்புப் பயம். இரண்டு குடும்பங்கள் அந்தக் கிழமையே பிள்ளைகளை நிறுத்திவிட்டன. இன்னும் சிலர் யோசித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கூடத்தைப் பூட்டி, அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்று கல்வி அலுவலகத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அடுத்த ஊர் பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். பாலம் உடைந்து, குறுக்கே பனங்குற்றி போட்டிருந்தது. மாரியில் தண்ணீர் அதன்மேல் ஏறி ஓடும். சின்னப் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் போக வேண்டிவரும்.

ஆகவே ரீச்சருக்கு இரண்டும் வேண்டும். மரமும் வளர வேண்டும், பிள்ளைகளும் போகக் கூடாது.

வாணிவிழாவுக்கு முதல் நாள் ரீச்சரும் நானும் சாமான் வாங்கக் கிளிநொச்சிக்குப் போனோம். திரும்பி வரும்போது பள்ளிக்கூடப் பக்கம் புகை எழும்பியது. உள்ளே போனோம். பெற்றோர் சங்கம் எல்லோரும் கூடிச் சிரமதானம் செய்து முடித்திருந்தது. புல் இல்லை, பூண்டு இல்லை. நட்ட கன்றுகளும் இல்லை. பிடுங்கியதைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். முற்றம் முழுக்க ஈர்க்குக் கோடு, அவ்வளவு அழகாக. தம்பிராசா அண்ணை வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பாருங்கோ ரீச்சர், கண்ணாடி மாதிரி! நாளைக்குச் சரஸ்வதி கால் வைக்கலாம்."

ரீச்சர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். பிறகு, "நல்லாக் கூட்டியிருக்கிறியள் அண்ணை" என்றார்.

4

"அப்ப நீங்கள் சிரிச்சனீங்களோ?" என்று கேட்டாள் மகள். இப்போது என் பக்கத்தில் நடந்துவந்தாள்.

"இல்லை. அப்ப சிரிப்பு வரேல்லை. அடுத்த நாள்தான் வந்தது."

கிணற்றுக்கட்டின் கல்லிடுக்கில், விளக்குமாறு எட்டாத இடத்தில், ஒரே ஒரு வீரைக் கன்று தப்பியிருந்தது. அது கலா என்ற சின்னப் பிள்ளை வைத்தது. அவளுடைய தாய் லெட்சுமி அக்கா. மலையகத்தில் கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்த குடும்பம். இன்னொருவரின் காணி மூலையில் கொட்டில் போட்டு, வயலில் கூலி வேலை செய்து வாழ்ந்தார்கள். மகள் இரவு முழுக்க அழுதாளாம். விடிய வெள்ளென லெட்சுமி அக்கா வந்து, கிளுவைத் தடி மூன்றை ஊன்றி, தென்னோலையால் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். மொத்தம் அரிசி புடைக்கிற ஒரு சுளகு அளவு இடம்.

காலையில் வாணிவிழாவுக்கு முன் முற்றத்தை இன்னொரு முறை கூட்டினார்கள். தம்பிராசா அண்ணை கூட்டிக்கொண்டே பின்னால் பின்னால் வந்தார். கிளுவைத் தடி காலில் தட்டியது. விளக்குமாறு நின்றது.

"இது ஆருடைய வளவு?"

"எங்களுது" என்றார் லெட்சுமி அக்கா, கிணற்றடியில் வாளியோடு நின்றபடி.

அண்ணை தடியைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். உள்ளே கன்றும் புல்லும் நாலைந்து சருகும் கிடந்தன. அவருடைய கை துருதுருத்தது. ஆனால் மற்றவனுடைய வேலிக்குள் விளக்குமாறு போடுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. பற்றை என்றால் பொது, யாரும் வெட்டலாம். வேலி என்றால் அது வளவு, அதற்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். அவர் அந்தச் சுளகளவு வளவைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார். போனவர் திரும்பி வந்து, காற்றில் வெளியே பறந்துவந்த ஒரு சருகைக் குனிந்து எடுத்து, வேலிக்கு மேலால் உள்ளே போட்டார்.

"உங்கட குப்பை உங்கட வளவுக்குள்ள கிடக்கட்டும்."

இதையெல்லாம் அலுவலக வாசலில் நின்று ரீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். சரஸ்வதி படத்துக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் பயந்துபோனார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பூசை முடிந்து அவல் கொடுக்கிற நேரம் ரீச்சர் எழும்பிச் சொன்னார்: "இந்தப் பள்ளிக்கூடத்தில பிள்ளை படிக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் முற்றத்தில ஒரு வளவு. வேலி நீங்களே அடைக்க வேணும். உள்ளுக்கு இஞ்ச விளையிற மரம், இஞ்ச விளையிற செடி மட்டும்."

"காணி உறுதி எழுதித் தருவியளோ ரீச்சர்?" என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"உறுதி தரேலாது. கதியால் தரலாம்."

5

அந்த மாரியில் அங்கே நடந்ததை ஒரு திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். மழைக்காலம் வேலிக்குப் பச்சைக் கதியால் தடி ஊன்றுகிற காலம். ஈர மண்ணில் எந்தத் தடியை ஊன்றினாலும் வேர் பிடிக்கும். பூவரசு, கிளுவை, முள்முருக்கு என்று சைக்கிளிலும் மாட்டு வண்டியிலும் தலைச்சுமையிலும் வந்தது. காட்டுச் செடி என்றபோது முகத்தைத் திருப்பியவர்கள், வேலி என்றதும் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார்கள். மறுபடி குளக்கட்டுக்குப் போய்க் கன்று எடுத்தோம். இந்த முறை பிள்ளைகளோடு தகப்பன்மாரும் மாட்டுக்குப் பின்னால் வரிசையில் நடந்தார்கள்.

கூடவே எல்லைச் சண்டையும் வந்தது. அது இல்லாமல் வேலி ஏது?

"உங்கட பூவரசு ஒரு சாண் இஞ்சால வந்திட்டுது."

"அது வரேல்லை. மழைக்குச் சரிஞ்சது."

"நேற்று மழையே இல்லை!"

ஒரு சாண் என்றால் அங்கே அரைப் பங்கு காணி. ரீச்சர் அளவுகோலோடு ஓடித் திரிந்தார். பெரிய சண்டைக்காரர் யார் என்று நினைக்கிறீர்கள்? தம்பிராசா அண்ணைதான். அவருடைய வளவுக்குத்தான் இரட்டை வரிசைக் கதியால், மூங்கில் படலைக் கதவு எல்லாம். உள்ளே பாலைக் கன்றைச் சுற்றிப் புல் முழங்கால் அளவு வந்துவிட்டது. அதை ஒரு இலை கிள்ள விடமாட்டார்.

"என்ன அண்ணை, உங்கட பத்தைக்குள்ள இப்ப பாம்பு வராதோ?" என்று கேட்டேன்.

"என்ர வளவுக்குள்ள வர அதுக்குத் துணிவு இருக்கோ?"

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியபோது, நிறுத்தின இரண்டு குடும்பமும் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டன. தங்களுக்கும் வளவு வேண்டும் என்றார்கள். கரையில் இருந்த நல்ல இடமெல்லாம் போய்விட்டது என்று அவர்களுக்கு மனத்தாங்கல். கொஞ்ச நாளில் வேறு பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிற கதையை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஒரு நாள் லெட்சுமி அக்கா வளவு ஓலையைப் புதுசாக்கிக்கொண்டிருந்தார். நான் கயிறு பிடித்தேன்.

"தம்பி, பொறந்ததுல இருந்து நான் வேலி போட்ட எடமெல்லாம் மத்தவங்க எடம். எனக்குன்னு போட்டது இதுதான் மொதல்" என்றார்.

"சுளகளவுதானே அக்கா."

"இருக்கட்டும். வாடகை இல்லையே!" என்று சொல்லிச் சிரித்தார்.

முள்முருக்கு சிவப்பாகப் பூத்தபோது எங்கிருந்தோ தேன்சிட்டும் கிளியும் வந்தன. கிளிச் சத்தத்தில் கணக்குப் பாடம் நடக்கவில்லை. முதல் நிழல் பூவரசடியில் விழுந்தது. ஒரு பிள்ளை இருக்க மட்டும் இடம். அதில் யார் இருப்பது என்று முறைவைத்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு வாங்கு போட்டு மூன்று பிள்ளைகள் உட்காருகிற நிழல். நான் அந்த இரண்டாவது மாரியையும் அங்கே பார்த்தேன். என் வாழ்க்கையில் அப்படி நின்ற ஒரே வேலை அது, சுவிஸிலும் எந்த உணவகத்திலும் இரண்டாம் வருடம் நின்றதில்லை. மூன்றாவதுக்குக் கால் அரித்தது. அண்ணன் ஒருவன் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டான், போனேன்.

6

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். 2008 முடிகிற நேரம் சண்டை நெருங்கி, அந்த ஊரும் மூட்டை கட்டியது. கொஞ்ச ஆண்டுகள் எனக்கு ஒரு தகவலும் இல்லை. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்கவும் பயம்.

பிறகு ஒரு நாள் தொலைபேசியில் ஒரு பெண் குரல். "அண்ணே, நான் கலா." வீரைக் கன்று வைத்த அதே பிள்ளை. ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். தாய் சுகம். ரீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, கிணறு இடிந்து கிடக்கிறது என்று சொன்னாள்.

"மரம்?"

"அது எல்லாம் நிக்குது. கதியால் எல்லாம் பெரிய மரமாப் போச்சு. எங்கட வீரை காய்ச்சிருக்கு. பிள்ளையளுக்கு வாயெல்லாம் சிவப்பு. கூரை வருமட்டும் அதுக்குக் கீழதான் வகுப்பு."

"தம்பிராசா அண்ணை?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். "இருக்கிறார். வேலி எல்லாம் ஒண்டோட ஒண்டு சேர்ந்து போச்சுதே, இப்ப எது ஆருடைய வளவு எண்டு தெரியாமல் திரும்பச் சண்டை."

7

இதைச் சொல்லி முடிக்க வீட்டு வாசல் வந்துவிட்டது. மகள் கதவைத் திறக்காமல் நின்றாள்.

"வேர் இருக்குமோ அப்பா? என்ர செடிக்கு?"

"வெட்டினது மேல மட்டும்தானே. இருக்கும்."

"வேலி போட்டால் அவர் வெட்டமாட்டாரோ?"

"கேட்டுப் பாப்பம்."

எனக்கு உணவகக் குசினியில் வேலை மத்தியானம்தான் தொடங்கும். அடுத்த நாள் காலை இரண்டு பேரும் வெள்ளெனப் போனோம். அந்த மனிதர் அந்த மொட்டை நிலத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். ஆசிரியை அவருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார் போல, தோள் தொங்கியிருந்தது. இருபது வருடமாக இந்த முற்றத்தைத் துப்புரவாக வைத்திருக்கிறேன், யாரும் ஒரு குறை சொன்னதில்லை என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

வேலி என்றதும் தலையை ஆட்டினார். பள்ளிக்கூட நிலத்தில் வேலி போட ஊராட்சி மன்றத்தில் அனுமதி எடுக்க வேண்டும், அதற்குக் கிழமைக்கணக்கில் ஆகும். பிறகு யோசித்து, தன் முழங்காலில் கையை வைத்துக் காட்டினார். இந்த உயரத்துக்குள் என்றால் அது வேலி இல்லை, செடிக்கு ஊன்றுகோல். ஓடைக்கரையில் வெட்டிப் போட்ட வில்லோ மரத் தடிகள் கொட்டகைக்குள் கிடப்பதாகச் சொன்னார். வில்லோவும் எங்கள் பூவரசு மாதிரி, ஊன்றினால் துளிர்க்கும்.

என் மகள் தடியைப் பிடித்தாள். நான் கடப்பாரையை எடுத்தேன்.

"பங்கர் அளவுக்குத் தோண்டவேண்டாம், அப்பா" என்றாள்.

தடிகள் ஊன்றி முடிய, அந்த மனிதர் என்னிடம் டொச்சில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: நாளையும் வர முடியுமா? தனக்கு எது செடி, எது புல் என்று தெரியாது. தண்ணீர் விட வேண்டும், பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளம் இல்லை.

எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன்.

பூக்கும்வரை என்றார். அப்படியென்றால் அடுத்த ஆண்டு. குளிர்காலம் போய், அடுத்த மழையும் வந்த பிறகு.

மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம், வாறன்" என்றேன், தமிழிலேயே. அவருக்கு விளங்கியது.